மாறுபாட்டு நுண்கணிதம்: எங்கே தொடங்குவது, எங்கே வழுக்கும்

எந்த வளைவரைக்கு நேரமோ நீளமோ பரப்போ மிகக் குறைவு என்று தேடும் இந்தப் பாடத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. இயற்பியலிலோ பொறியியலிலோ இருந்து வந்து, அந்த வளைவரை நிறைவு செய்ய வேண்டிய ஆய்லர்-லெக்ராஞ்சி சமன்பாட்டைப் போட்டுத் தீர்த்தால் கணக்கு முடிந்தது என்று நம்புகிறவர்கள் ஒரு வகை. கணிதத் துறையிலிருந்து வந்து, முதல் வாரமே வெளிகளும் நார்ம்களுமாக மூழ்கிப்போய், ஒரு கணக்கைக்கூட எண் போட்டுப் பார்க்காதவர்கள் இன்னொரு வகை. நான் முதல் வகை. ஒரு செமஸ்டர் முழுக்க சமன்பாடு எழுதினேன், தீர்த்தேன், மதிப்பெண்ணும் வந்தது. நான் கண்டுபிடித்தது உண்மையிலேயே சிறும மதிப்புதானா என்று ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை என்பது ரொம்பப் பின்னால்தான் உறைத்தது. அந்தக் கேள்விதான் இந்தப் பாடமே, சமன்பாடு அதற்கான நுழைவாயில் மட்டும்.

தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். சமன்பாடுகளை வேண்டுமென்றே சொற்களில்தான் எழுதப் போகிறேன், அதைக் குறியீட்டில் எழுதிக்கொள்வது உங்கள் வேலை. சலிப்பாக இருக்கும்தான். ஆனால் சொல்லைக் குறியீடாக்கத் தெரியாதவர் இந்தப் பாடத்தில் இரண்டாவது அத்தியாயம் தாண்ட மாட்டார்.

முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும்

நிறைய வேண்டாம், ஆனால் வேண்டியது கைப்பழக்கமாக இருக்க வேண்டும். பல மாறிகளின் பகுதி வகைக்கெழு, சங்கிலி விதி, டெய்லர் விரிவு, பகுதித் தொகையிடல், இரண்டாம் வரிசை சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள். தொகையீட்டுக் குறிக்குள்ளே வகையிடுவது எப்போது செல்லும் என்பதும் ஓரளவு தெரிந்திருந்தால் நல்லது. இவற்றில் பகுதித் தொகையிடல்தான் உயிர். அதை யோசிக்காமல் போட வரவில்லை என்றால் ஒரு வாரம் ஒதுக்கி அதை மட்டும் போட்டுப் பழகிவிட்டு வாருங்கள், நஷ்டமில்லை.

மெய்ப் பகுப்பாய்வு? தொடங்கும்போது தேவையில்லை. பாதி தூரம் வந்ததும் தேவைப்படும், அப்போது அது ஏன் தேவை என்பதும் புரிந்திருக்கும். "முதலில் ஃபங்ஷனல் அனாலிசிஸ் முடித்துவிட்டு வா" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுத் தொடங்கிவிடுங்கள். ஆய்லரும் லெக்ராஞ்சியும் அதை முடித்துவிட்டு வரவில்லை.

முதல் படி: எண் போட்டுப் பாருங்கள்

சாதாரண நுண்கணிதத்தில் ஓர் எண்ணைக் கொடுத்தால் ஓர் எண் வரும். இங்கே ஒரு முழு வளைவரையைக் கொடுத்தால் ஓர் எண் வரும். அப்படிப்பட்டதைத்தான் ஃபங்ஷனல் என்கிறோம். இந்த வரையறையை மனப்பாடம் செய்வதில் பயனில்லை, நாலைந்து வளைவரைகளை அதற்குள் போட்டு நாலைந்து எண்களை வெளியே எடுத்துப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

இதற்கு ஏற்ற கணக்கு பழைய பிராக்கிஸ்டோகுரோன்தான். ஒரு மணி, உராய்வில்லாத கம்பியில் கோத்தபடி, நிலையிலிருந்து சறுக்கிக் கீழே வருகிறது. பக்கவாட்டில் 1 மீட்டர், கீழ்நோக்கி 1 மீட்டர் தள்ளி முடிவுப்புள்ளி. கம்பியை எந்த வடிவத்தில் வளைத்தால் மிகச் சீக்கிரம் வந்து சேரும்? 1696இல் யோகான் பெர்னூலி இதை ஐரோப்பாவின் கணிதர்களுக்கெல்லாம் சவாலாக விட்டார். நியூட்டன், லைப்னிட்ஸ், லோபிதால், யோகானின் அண்ணன் யாக்கோபு என்று பலரும் விடை கொடுத்தார்கள், நியூட்டன் பெயர் போடாமலேயே வெளியிட்டார்.

நீங்கள் விடையைத் தேடாதீர்கள். கீழ்நோக்கிய ஆழத்தை ஒய் என்று வைத்துக்கொண்டு, வேகம் 2 பெருக்கல் ஜி பெருக்கல் ஒய்யின் வர்க்கமூலம் என்ற ஒரே செய்தியிலிருந்து நேரத்துக்கான தொகையீட்டை எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வளைவரையாகப் போடுங்கள். நேர்கோட்டுக்கு 2.000 வரும் (ஜியின் வர்க்கமூலத்தால் வகுத்த அலகில். நொடியில் வேண்டுமானால் 3.13ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்). தொடக்கத்தில் செங்குத்தாக இறங்கி முடிவில் கிடைமட்டமாகும் கால் வட்டத்துக்கு 1.854. வட்டவில் நேர்கோட்டை முந்தும் என்று 1638இலேயே கலிலியோ எழுதிவிட்டார். அடுத்து, ஒய் என்பது எக்ஸின் வர்க்கமூலம் என்று ஒரு பரவளையத்தைப் போடுங்கள்: 1.829, வட்டத்தை முந்திவிட்டது. கடைசியில் உண்மையான விடையான சைக்ளாய்டு (உருளும் சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் ஒரு புள்ளி வரையும் வளைவரை): 1.826.

எனக்கு இந்த எண்களைப் பார்த்ததும்தான் பாடம் புரிய ஆரம்பித்தது. பரவளையத்துக்கும் சைக்ளாய்டுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரத்தில் இரண்டு பங்குதான் வித்தியாசம். இது ஏதோ தற்செயல் இல்லை. சிறுமத்துக்குப் பக்கத்தில் வளைவரையைக் கொஞ்சம் அசைத்தால் மதிப்பு அந்த அசைவின் வர்க்கத்தின் அளவுக்குத்தான் மாறும், முதல் வரிசையில் மாற்றமே இருக்காது. இந்த ஒரு வாக்கியத்தைக் குறியீட்டில் எழுதினால் அதுதான் ஆய்லர்-லெக்ராஞ்சி சமன்பாடு.

இன்னும் ஒரு நாள் இதிலேயே இருக்க முடிந்தால், ஒய் என்பது எக்ஸின் பி-யாவது அடுக்கு என்று ஒரு குடும்பத்தையே எடுத்து, எந்த பி-க்கு நேரம் குறைவு என்று வரைபடம் போட்டுப் பாருங்கள். ஒரு வளைவரையைத் தேடும் கணக்கு ஓர் எண்ணைத் தேடும் கணக்காகச் சுருங்கிவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிட்ஸ் இந்த யோசனையைத்தான் ஒரு முறையாகவே வளர்த்தார், இன்றைய ஃபைனைட் எலிமென்ட் முறையின் வேர்களில் அதுவும் ஒன்று.

இரண்டாம் படி: சமன்பாட்டை நீங்களே வருவியுங்கள், ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை

1744இல் ஆய்லர் இந்தத் துறைக்கு முதல் முறையான நூலை எழுதியபோது வளைவரையைச் சின்னச் சின்ன நேர்கோட்டுத் துண்டுகளாக உடைத்து, ஒரு முனையை மட்டும் அசைத்துப் பார்த்துத்தான் சமன்பாட்டை எடுத்தார். 1755இல் 19 வயது லெக்ராஞ்சி அவருக்கு ஒரு கடிதம் எழுதி, வடிவியல் படம் எதுவும் இல்லாமல், முழு வளைவரையையும் ஒரேயடியாக அசைத்து அதே சமன்பாட்டை வருவித்துக் காட்டினார். ஆய்லர் தன் முறையை ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பையனின் முறையை ஏற்றுக்கொண்டார், இந்தத் துறைக்கு இன்றைய பெயரை வைத்ததும் அவர்தான். இப்போது வகுப்பில் சொல்லித்தருவது லெக்ராஞ்சியின் வழி. அதையே படியுங்கள், ஆனால் ஆய்லரின் உடைந்த கோட்டையும் மறக்காதீர்கள், கணினிக்கு வரும்போது அதுதான் உதவும்.

வருவிப்பில் மூன்று அசைவுகள்தான். விடையாக இருக்கக்கூடிய வளைவரையோடு, இரு முனைகளிலும் பூச்சியமாகும் ஏதோ ஒரு சார்பை எப்சிலான் என்ற சிறிய எண்ணால் பெருக்கிக் கூட்டுகிறோம். இப்போது ஃபங்ஷனல் எப்சிலானின் சாதாரணச் சார்பு ஆகிவிட்டது, எனவே எப்சிலான் பூச்சியமாகும் இடத்தில் அதன் வகைக்கெழு பூச்சியம். வந்த தொகையீட்டில் அசைவின் வகைக்கெழு இருக்கும் உறுப்பைப் பகுதித் தொகையிட்டு, அசைவை வெளியே இழுக்கிறோம். கடைசியில், "எந்த அசைவுக்கும் இந்தத் தொகையீடு பூச்சியம் என்றால், உள்ளே அசைவோடு பெருக்கப்பட்டிருப்பதே பூச்சியம்" என்ற அடிப்படைத் துணைத்தேற்றம். தொகையீட்டுக்குள் இருக்கும் சூத்திரத்தை எஃப் என்றும், ஒய்யின் வகைக்கெழுவை ஒய்-டேஷ் என்றும் வைத்தால், எஃப்பை ஒய்யால் பகுதி வகையிட்டால் வருவதும், எஃப்பை ஒய்-டேஷால் பகுதி வகையிட்டு அதை மறுபடி எக்ஸால் முழுதாக வகையிட்டால் வருவதும் சமம். அவ்வளவுதான்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இங்கே ஒன்று உண்டு. ஒய்யும் ஒய்-டேஷும் எப்படித் தனித்தனி மாறிகளாகும், ஒன்று மற்றொன்றின் வகைக்கெழு ஆயிற்றே? தனித்தனி இல்லைதான். ஆனால் எஃப் என்பது மூன்று இடங்கள் உள்ள ஒரு வெறும் சூத்திரம், பகுதி வகையிடல் அந்த இடங்களைப் பற்றியது. அந்த இடங்களில் எதைப் போடப்போகிறோம் என்பது அதற்குத் தெரியாது. ஒய்யையும் ஒய்-டேஷையும் இணைத்துக்கொண்டு பின்னால் வருவது எக்ஸால் முழுதாக வகையிடும் அந்த இரண்டாம் வேலைதான். குழப்பமாக இருந்தால் ஒய்-டேஷ் இருக்கும் இடத்தில் பி என்று எழுதிப் பகுதி வகையிட்டு முடித்துவிட்டு, அப்புறம் பி-க்குப் பதில் ஒய்-டேஷைத் திரும்பப் போடுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன், வெட்கமே இல்லை.

பழகுவதற்கு: தளத்தில் இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய பாதை நேர்கோடு என்று நிறுவுங்கள். உருளைமேல், கோளத்தின்மேல் அதையே செய்யுங்கள். அப்புறம் எஃப்புக்கு ஒய் பெருக்கல் ஒய்-டேஷ் என்று வைத்துப் பாருங்கள். சமன்பாடு "0 = 0" என்று சொல்லும்! ஏதோ தப்பு என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அந்தத் தொகையீட்டின் மதிப்பு முனைப்புள்ளிகளை மட்டுமே பொறுத்தது, நடுவில் எப்படிப் போனாலும் ஒரே எண்தான், எனவே எல்லா வளைவரையும் விடை.

மூன்றாம் படி: குறுக்குவழியும் அதில் இருக்கும் குழியும்

எஃப்பில் எக்ஸ் நேரடியாக வராவிட்டால் பெல்ட்ராமி முற்றொருமை என்ற அருமையான குறுக்குவழி இருக்கிறது. எஃப்பிலிருந்து, ஒய்-டேஷையும் எஃப்பின் ஒய்-டேஷ் பகுதி வகைக்கெழுவையும் பெருக்கிக் கழித்தால் ஒரு மாறிலி. இரண்டாம் வரிசைச் சமன்பாடு முதல் வரிசை ஆகிவிடுகிறது. பிராக்கிஸ்டோகுரோன் இதனால்தான் ஒரே பக்கத்தில் முடிகிறது.

ஆனால் இந்தக் குறுக்குவழி ஆய்லர்-லெக்ராஞ்சி சமன்பாட்டை ஒய்-டேஷால் பெருக்கித்தான் வந்தது. பூச்சியமாகக்கூடிய ஒன்றால் பெருக்கினால் போலி விடை நுழையும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். எஃப்புக்கு ஒய் பெருக்கல் (1 கூட்டல் ஒய்-டேஷ் வர்க்கம்) இன் வர்க்கமூலம் என்று எடுங்கள், சோப்புப் படலக் கணக்கில் வருவது. ஒய் ஒரு மாறிலி என்று வைத்தால் பெல்ட்ராமி ஒத்துக்கொள்ளும். மூலச் சமன்பாட்டில் போட்டால் "1 = 0" என்று வரும். நான் ஒரு தேர்வில் இந்த மாறிலியை ஒரு விடையாக அழகாக எழுதி, கீழே கோடும் போட்டு, மொத்த மதிப்பெண்ணையும் விட்டேன். அன்றிலிருந்து பெல்ட்ராமி வழியில் எது வந்தாலும் மூலச் சமன்பாட்டில் ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் பேனாவை வைப்பதில்லை.

நான்காம் படி: முனைகளும் கட்டுப்பாடுகளும்

இதை வேகமாகக் கடக்கலாம். வலது முனை எங்கே வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம் என்று விட்டால், பகுதித் தொகையிடலில் முனையில் மிஞ்சும் உறுப்பைப் பூச்சியமாக்கும் நிபந்தனை தானாகவே வந்துவிடும். இயல்பான எல்லை நிபந்தனை என்று அதற்குப் பெயர், வெளியிலிருந்து யாரும் கொடுப்பதில்லை. பழைய மணியையே எடுத்து, 1 மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு செங்குத்துச் சுவரை எந்த உயரத்திலாவது தொட்டால் போதும் என்று சொல்லுங்கள். வளைவரை சுவரைச் செங்கோணத்தில் போய்த் தொடும். நேரம் பை-யின் வர்க்கமூலம், அதாவது 1.772. முன்பு வந்த 1.826ஐ விடக் குறைவு, குறையத்தான் வேண்டும், சுதந்திரம் கொடுத்திருக்கிறோமே.

கட்டுப்பாடு இருந்தால் லெக்ராஞ்சி பெருக்கி. நீளம் மாறாத சங்கிலி தொங்கும் வடிவம், கொடுத்த நீளக் கயிற்றால் அதிகப் பரப்பை அடைப்பது, இரண்டையும் போட்டுவிட்டால் போதும். பெருக்கியின் மதிப்பைக் கண்டுபிடித்ததும் தூக்கிப் போடாதீர்கள். கட்டுப்பாட்டை ஓர் அலகு தளர்த்தினால் சிறந்த மதிப்பு ஏறக்குறைய எவ்வளவு மாறும் என்பதைத்தான் அது சொல்கிறது.

ஐந்தாம் படி: சோப்புப் படலத்தில் ஒரு வாரம் உட்காருங்கள்

வேறு எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள். 1 அலகு ஆரமுள்ள இரண்டு வளையங்கள், எதிரெதிரே, ஒரே அச்சில். இடையே சோப்புப் படலம். குறைந்த பரப்பு எது? பெல்ட்ராமியைப் போட்டால் கேட்டனரி வளைவரை வரும்: ஒய் என்பது சி பெருக்கல் (எக்ஸ் வகுத்தல் சி)-யின் காஷ், அதாவது ஹைப்பர்பாலிக் கொசைன்; சி ஒரு மாறிலி. இதை அச்சைச் சுற்றிச் சுழற்றினால் கேட்டனாய்டு. பெரும்பாலான விடைத்தாள்கள் இங்கே முடிந்துவிடும், அதாவது சுவாரசியம் தொடங்கும் இடத்தில்.

சி-யைக் கண்டுபிடிக்கப் பாருங்கள். நடுவிலிருந்து ஒவ்வொரு வளையமும் 0.5 தொலைவில் இருக்கட்டும். நிபந்தனையை எழுதினால் சி-க்கு இரண்டு மதிப்பு கிடைக்கும், ஏறத்தாழ 0.848, 0.235. ஒன்று லேசாக இடை குறுகிய படலம், மற்றொன்று நடுவில் நன்றாக ஒடுங்கியது. ஆய்லர்-லெக்ராஞ்சி சமன்பாட்டைப் பொறுத்தவரை இரண்டும் சரியான விடைகள்தான், அதற்கு வித்தியாசமே தெரியாது. பரப்பைக் கணக்கிடுங்கள்: முதலாவதற்கு ஏறத்தாழ 5.99, இரண்டாவதற்கு 6.85. இப்போது ஒரு குறும்பு செய்வோம். படலமே வேண்டாம், ஒவ்வொரு வளையத்தையும் ஒரு தட்டையான வட்டத்தால் மூடிவிட்டால் பரப்பு 2 பை, அதாவது 6.28. ஒடுங்கிய கேட்டனாய்டு இதைவிட மோசம்!

வளையங்களை மெதுவாக விலக்குங்கள். நடுவிலிருந்து தொலைவு 0.528ஐத் தாண்டினால் இரண்டு தட்டை வட்டங்கள்தான் மீச்சிறு பரப்பு. கேட்டனாய்டு இன்னும் இடஞ்சார்ந்த சிறுமமாக மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும், உண்மையான சோப்புப் படலமும் அப்படித்தான் தொங்கும், பக்கத்தில் இதைவிடச் சின்ன பரப்பு இருக்கிறது என்று அதற்குத் தெரிய வழியில்லை. 0.663ஐத் தாண்டினால் சி-க்கு மதிப்பே கிடையாது. இரண்டு விடைகளும் ஒன்றோடொன்று இணைந்து மறைந்துவிடும், படலம் பட்டென்று உடைந்து இரு தட்டுகளாகும். கம்பியும் சோப்புத் தண்ணீரும் இருந்தால் செய்தே பாருங்கள். உங்கள் சமன்பாடு "விடை இல்லை" என்று சொன்ன இடத்தில் கண்ணெதிரே அது அறுந்துபோவதைப் பார்ப்பது தனி அனுபவம்.

எத்தனை கேள்விகள் ஒரே கணக்கில் வந்துவிட்டன பாருங்கள். விடை ஒன்றா இரண்டா? எது சிறுமம்? அது பக்கத்தில் இருப்பவற்றோடு ஒப்பிட்டா, எல்லாவற்றோடும் ஒப்பிட்டா? சிறுமம் நாம் தேடிய வகை வளைவரைகளுக்குள்ளே இருக்கிறதா?

ஆறாம் படி: இரண்டாம் மாறுபாடு

சாதாரண நுண்கணிதத்தில் முதல் வகைக்கெழு பூச்சியமானதும் இரண்டாவதைப் பார்ப்போம் இல்லையா, அதே கதைதான் இங்கும், ஆனால் இங்கே ஒரு திருப்பம் உண்டு. லெஜாந்தர் 1786இல், எஃப்பை ஒய்-டேஷால் இரு தடவை வகையிட்டது எங்கும் மிகையாக இருந்தால் சிறுமம் என்று நிறுவிவிட்டதாக நினைத்தார். சிறுமத்துக்கு அது குறை எண்ணாக இருக்கக்கூடாது என்பது உண்மை, ஆனால் மிகையாக இருந்தால் மட்டும் போதாது. ஐம்பது ஆண்டுக்குப் பிறகு ஜேக்கோபிதான் விடுபட்டதைக் கண்டுபிடித்தார்: இடைவெளியின் நீளமும் முக்கியம்.

இதைப் புரிந்துகொள்ளத் தேற்றத்தைப் படிக்காதீர்கள், முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். எஃப் என்பது ஒய்-டேஷ் வர்க்கம் கழித்தல் ஒய் வர்க்கம். 0 முதல் எல் வரை, இரு முனையிலும் ஒய் பூச்சியம். ஒய் = 0 சமன்பாட்டை நிறைவு செய்யும், ஃபங்ஷனலின் மதிப்பும் 0. லெஜாந்தரின் நிபந்தனை எங்கும் மிகை, எந்தக் குறையும் இல்லை. இப்போது ஒரு அரைச் சைன் அலையைப் போட்டுப் பாருங்கள். எல் 3 என்றால் மிகை எண் வரும். எல் 4 என்றால் ஏறத்தாழ -0.77! அலையைப் பத்து மடங்கு உயர்த்தினால் அது நூறு மடங்காகும், ஆக எல் 4இல் சிறுமம் என்று ஒன்றே கிடையாது, அடிமட்டம் இல்லாத கிணறு. எல் பை-யைத் தாண்டும் இடத்தில்தான் கதை மாறுகிறது. அந்த பை-தான் 0-இன் இணைப் புள்ளி. இதைப் போட்டுவிட்டு ஜேக்கோபியின் தேற்றத்தைத் திறந்தால் தெரிந்தவரைச் சந்திப்பதுபோல இருக்கும்.

இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இது நம்முடைய ஊசலியின் செயல்தான் (ஆக்‌ஷன், அதாவது இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்து நேரத்தில் தொகையிட்டது). "இயற்கை எப்போதும் செயலைச் சிறுமமாக்கும்" என்று யாராவது மேடையில் முழங்கினால் இந்தக் கணக்கை நீட்டுங்கள். அரை அலைவு நேரத்துக்கு மேல் போனால் அது சிறுமம் இல்லை, தேக்கநிலை மட்டுமே, அதாவது முதல் வரிசையில் மாற்றம் இல்லாத இடம். இயக்கச் சமன்பாட்டுக்குத் தேக்கநிலையே போதும் என்பது வேறு விஷயம்.

ஏழாம் படி: சிறுமம் என்று ஒன்று இருக்கிறதா?

பெரோனின் முரண்புதிர் தெரியுமா? மிகப்பெரிய முழு எண்ணை என் என்று வைப்போம். அது 1ஐ விடப் பெரிதாக இருந்தால் அதன் வர்க்கம் இன்னும் பெரிது, முரண். எனவே மிகப்பெரிய முழு எண் 1. சிரிப்பு வருகிறது, ஆனால் "சிறுமம் இருக்கிறது, அது இந்தச் சமன்பாட்டை நிறைவு செய்ய வேண்டும், சமன்பாட்டுக்கு ஒரே விடை, எனவே இதுதான் சிறுமம்" என்று எழுதும்போது நாமும் இதே வேலையைத்தான் செய்கிறோம். டிரிச்லெட் கொள்கையை, அதாவது ஒரு வகை ஆற்றல் தொகையீட்டுக்குச் சிறுமம் கட்டாயம் இருக்கும் என்பதை, நம்பி ரீமான் கட்டிய கட்டடமே இந்த ஓட்டையால் ஆட்டம் கண்டது. 1870இல் வையர்ஸ்ட்ராஸ் ஓர் எளிய எடுத்துக்காட்டைக் காட்டினார்: -1 முதல் 1 வரை, எக்ஸ் வர்க்கம் பெருக்கல் ஒய்-டேஷ் வர்க்கத்தின் தொகையீடு. இடது முனையில் ஒய் -1, வலது முனையில் 1.

நேர்கோட்டைப் போட்டால் 2/3. இப்போது ஏற்றம் முழுவதையும் நடுவில் -0.1 முதல் 0.1 வரை மட்டும் வைத்து, மற்ற இடமெல்லாம் தட்டையாக விடுங்கள்: 2/3இல் பத்தில் ஒரு பங்கு. 0.01க்குள் அடக்கினால் நூறில் ஒரு பங்கு. முனைகளை மழுக்கி வழவழப்பாக்கினாலும் இதே கதைதான். பூச்சியத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம், தொட முடியாது. தொட வேண்டுமென்றால் நடுவில் ஒரே தாவலாகத் தாவ வேண்டும், தொடர்ச்சியான வளைவரையால் அது முடியாது.

1900ஐ ஒட்டி ஹில்பர்ட் டிரிச்லெட் கொள்கையைத் திரும்ப மீட்டார், 1900இல் அவர் அறிவித்த 23 சிக்கல்களில் கடைசியே இந்தத் துறையை மேலும் வளர்க்கச் சொல்வதுதான். பிறகு டொனெல்லி நேரடி முறையை ஒழுங்குபடுத்தினார்: மதிப்பு குறைந்துகொண்டே போகும் ஒரு தொடர்வரிசையை எடு, அதிலிருந்து ஒருங்கும் உட்தொடர்வரிசையைப் பிடி, ஒருங்கிய இடத்தில் மதிப்பு திடீரென்று மேலே தாவாது என்று நிறுவு. மெய்ப் பகுப்பாய்வும், சோபொலெவ் வெளிகளும், வலுவற்ற ஒருங்கலும், குவிச் சார்புகளும் எல்லாம் இங்கேதான் தேவைப்படுகின்றன. வையர்ஸ்ட்ராஸின் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்த பிறகு இவற்றைப் படித்தால் ஒவ்வொரு வரையறையும் எந்த விபத்தைத் தடுக்க வந்தது என்று தெரியும்.

கணினி, புத்தகம், இன்ன பிற

கணினியை எட்டாவது படி என்று ஒதுக்கவில்லை, முதல் வாரத்திலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் பிராக்கிஸ்டோகுரோனை 20 நேர்கோட்டுத் துண்டுகளாக உடைத்து, நடு முனைகளின் உயரங்களை மாறிகளாக வைத்து, ஏதாவது சிறுமமாக்கும் நிரலிடம் விடுங்கள், 20 வரிக்குள் முடியும். தொகையீட்டை அப்படியே எண்முறையில் போட்டால் தொடக்கப்புள்ளியில் வேகம் பூச்சியம் என்பதால் பூச்சியத்தால் வகுக்க நேரும். சாய்தளத்தில் முடுக்கம் சீரானது என்பதைப் பயன்படுத்தி, ஒரு துண்டுக்கான நேரம் = 2 பெருக்கல் நீளம் வகுத்தல் இரு முனை வேகங்களின் கூட்டல் என்று எழுதினால் அந்தத் தொல்லை போயிற்று, துண்டுக்குத் துண்டு துல்லியமாகவும் இருக்கும். ஆய்லரின் உடைந்த கோடு இதுவேதான்.

புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது பொருளடக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். நான் இரண்டு இடங்களைப் புரட்டிப் பார்ப்பேன். சோப்புப் படலக் கணக்கில் இரண்டு கேட்டனாய்டுகளையும் காட்டுகிறதா, இல்லை ஒன்றோடு நிறுத்திவிடுகிறதா? வலுவற்ற சிறுமத்துக்கும் வலுவான சிறுமத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது சாய்வும் பக்கத்தில் இருக்க வேண்டுமா அல்லது உயரம் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதுமா என்பதை, எடுத்துக்காட்டோடு சொல்கிறதா? இரண்டும் இல்லாத புத்தகம் பயிற்சிக் கணக்குகளுக்கு உதவும், பாடத்துக்கு உதவாது.

இதற்குப் பிறகு எந்தப் பக்கம் போவது என்பது உங்கள் துறையைப் பொறுத்தது. இயற்பியலில் இருப்பவர்கள் நேரே ஹாமில்டன் கொள்கைக்கும் 1918இல் எம்மி நோதர் வெளியிட்ட தேற்றத்துக்கும் போகலாம், பொறியியலில் இருப்பவர்களுக்குப் பொன்ட்ரியாகினின் உகந்த கட்டுப்பாட்டுக் கோட்பாடு, கணிதக்காரர்களுக்கு நேரடி முறை. எந்தப் பக்கம் போனாலும் கிளம்புவதற்கு முன் ஒரு கணக்கு.

0 முதல் 1 வரை, இரு முனையிலும் ஒய் பூச்சியம். ஒய்-டேஷ் வர்க்கத்திலிருந்து 1ஐக் கழித்து, வந்ததை வர்க்கப்படுத்தித் தொகையிடுங்கள். வழவழப்பான வளைவரைகளில் ஆய்லர்-லெக்ராஞ்சி சமன்பாடு ஒய் = 0 ஒன்றைத்தான் கொடுக்கும், அதன் மதிப்பு 1. லெஜாந்தரின் நிபந்தனையை அதற்குப் போட்டுப் பாருங்கள், என்ன குறி வருகிறது? பிறகு வளைவரையில் ஒரு மூலையை அனுமதித்து மதிப்பை 0 ஆக்குங்கள். பிறகு அந்த மூலையை மழுக்கி, வழவழப்பான வளைவரைகளுக்குள்ளேயே 0.01க்குக் கீழே கொண்டுவாருங்கள்.